சாஷா விரதமிருந்த புரட்டாசி

எங்கள் வீட்டில் எல்லோரும் புரட்டாசி விரதம் இருந்தோம் என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த மாதம் முட்டை ஓடுகூடக் கண்ணில் படாது. ஆனால் ஒரு வருடம், சுனாமிக்கு மறுவருடம், எங்களோடு சேர்ந்து ஒரு பாதி ஓநாயும் விரதம் இருந்தது என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்போது எனக்குப் பத்து வயது, அந்த மாதம் முழுக்க நான் நடுங்கிச் செத்தேன்.

அதைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல், செடிக்குத் தண்ணீர், கார் துடைப்பது என்று எல்லா வேலையும் பார்த்தார். அந்த வெள்ளைக்காரரை 'மிசியே' என்று மட்டும்தான் சொல்வார், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். ஏதோ பெருமாள் பெயரைச் சொல்வதுபோல ஒரு மரியாதை அதில் இருக்கும். அந்த மிசியே ஒருநாள் திடீரென்று வீட்டைக் காலி செய்துகொண்டு பிரான்சுக்குக் கிளம்பினார். கட்டில், நாற்காலி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் விற்றார். விற்க முடியாத ஒன்றை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"ரெண்டே மாசம்க்கா. அதுக்குள்ள மிசியே ஏற்பாடு பண்ணிக் கூப்புட்டுக்குவாரு" என்று சொல்லிக்கொண்டே மாமா அதை ஆட்டோவிலிருந்து இறக்கினார்.

இறங்கியது நாய் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கால்கள் தேவைக்கு மேல் நீளமாக இருந்தன. சாம்பல் நிற மயிர் நம்மூர் வெயிலுக்குக் கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. கண் மஞ்சள். வாலை ஆட்டவில்லை, தொங்கவிட்டபடி நின்று எங்கள் வீட்டைப் பார்த்தது. குலைத்துக்கொண்டு ஓடிவந்த தெருநாய்கள் இரண்டும் பாதி வழியில் நின்று, சத்தத்தை விழுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போயின. முனிசிபாலிட்டி வண்டியைக் கண்டே நகராத நாய்கள் அவை.

"சாஷான்னு பேரு. சாதுவான புள்ள" என்றார் மாமா.

"சாதுவா? மூஞ்சப் பாத்தாலே கொல நடுங்குது" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு மட்டும் வாயெல்லாம் பல். மில் வேலை போனபிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அந்தச் சமயம் தண்ணீர் மோட்டார் திருட்டு அதிகம். இரண்டு வீடு தள்ளிக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "இத கட்டிப் போட்டா ஒரு பய சந்துக்குள்ள வருவானா?" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அடுத்த வாரம் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தோட்டத்துப் பக்கமாக உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் எங்கள் காவல்காரன் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒடுங்கிப் படுத்துக்கொண்டது. குலைக்கவே இல்லை. வெறும் குடையை விரித்தாலும் அதற்கு உடம்பு நடுங்கும். வாசலைத் தாண்டித் தெருவுக்கு இழுத்துப்போக மாமா செய்த முயற்சியெல்லாம் வீணானது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகராது.

இதையெல்லாம் பார்த்த மற்றவர்களுக்குப் பயம் தெளிந்தது. எனக்கு அது கூடியது. பயப்படுகிற ஒன்று எப்போது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

என் பிரச்சினை வேறு. எங்கள் கக்கூஸ் தோட்டத்தின் கோடியில் இருந்தது. தோட்டம் என்றதும் பூச்செடியெல்லாம் நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற மண்தரையைத்தான் எங்கள் ஊரில் தோட்டம் என்போம். ஒரு முருங்கை, ஒரு அடிபம்பு, ஒரு துவைக்கிற கல், அப்புறம் கக்கூஸ். சாஷாவை அடிபம்புக் குழாயில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். கக்கூஸுக்குப் போகிற வழியில் பாதிக்கு மேல் அந்தச் சங்கிலிக்கு எட்டும். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போனால் எட்டாது என்று மாமா நடந்து காட்டினார். நான் சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு போவேன். அது எழுந்திருக்காது. தலையை மட்டும் என்னோடு கூடவே திருப்பும். போகும்போதும் பார்க்கும், வரும்போதும் பார்க்கும். நாய் நம் முகத்தைப் பார்க்கும், கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். இது என் கால்களைப் பார்த்தது.

அதனால் நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். குடித்தால்தானே போக வேண்டும்? பள்ளிக்கூடத்திலேயே முடித்துக்கொண்டு வருவேன், சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலைவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் வந்தது, நீர் போனால் நெருப்பாக எரிந்தது. சூட்டில் வந்த நீர்க்கடுப்பு என்று அம்மா முடிவு கட்டி, மோர், இளநீர், வெந்தயத் தண்ணீர் என்று சொம்பு சொம்பாக என் வாயில் ஊற்றினாள். எதற்குப் பயந்து நான் தண்ணீரை விட்டேனோ அது வட்டியோடு திரும்பி வந்தது. தாங்க முடியாமல் அழுது உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அம்மா கையில் துடைப்பத்தோடு எனக்கு முன்னால் நடந்தாள். சாஷா அம்மாவைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும். அம்மாவை யார் பார்த்தாலும் அப்படித்தான்.

இந்த லட்சணத்தில் புரட்டாசி பிறந்தது.

அதுவரை மாமா தினமும் பிராய்லர் கடையிலிருந்து கோழித் தலை, கால், குடல் எல்லாம் ஒரு பையில் வாங்கிவந்து போடுவார். புரட்டாசி முதல் நாள் அம்மா வீட்டைக் கழுவி, கறிச்சட்டியைப் பரணில் ஏற்றினாள். மாமாவின் பையை வாசலிலேயே மடக்கினாள்.

"நம்ம வூட்டு சோறு திங்கிற ஜீவன். நம்மளோட அதுவும் ஒரு மாசம் வெரதம் இருந்துட்டுப் போவுது."

"அக்கா, அது மனுசன் இல்லக்கா."

"பெருமாளுக்குத் தெரியும் யாரு மனுசன்னு."

மாமா அக்கா வீட்டில் இருக்கிறவர், என்ன பேச முடியும்? சாஷாவின் அலுமினியச் சட்டியில் தயிர் சாதம் விழுந்தது. முதல் நாள் அது முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கால் மண்ணைத் தள்ளிச் சோற்றை மூடியது. இரண்டாம் நாளும் அப்படியே. அப்புறம் தின்றது, ஆனால் மாமா பக்கத்தில் உட்கார்ந்தால்தான். மாமா அதன் கழுத்தில் கைபோட்டுக்கொண்டு பிரெஞ்சில் என்னவோ சொல்வார். மிசியே வீட்டில் கற்றுக்கொண்டவை. அப்போது மட்டும் அதன் காது பின்னால் மடங்கும், மாமாவின் தாடையை நக்கும். வேறு யார் கூப்பிட்டாலும், நன்றாகப் புரிந்தாலும், காதில் விழாததுபோல் இருக்கும்.

நாளாக ஆக அதன் விலா எலும்புகளை எண்ணலாம் என்று ஆனது. தோட்டம் முழுக்கப் பள்ளம் தோண்டியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் மதில்மேல் ஏறினால், படுத்த இடத்திலிருந்து அசையாமல், மூச்சுக்கூட விடாமல் பார்க்கும். என் தம்பிக்கு இரண்டரை வயது. அவன் தோட்டத்து வாசற்படியில் உட்கார்ந்து தட்டைத் தட்டி விளையாடும்போதும் அது அப்படியே பார்த்தது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவேன். அவன் என் முடியைப் பிடித்து இழுத்து, திரும்ப விடச்சொல்லிக் கத்துவான்.

முதல் சனிக்கிழமை தெருப் பையன்கள் நாமம் போட்டுக்கொண்டு, சொம்பில் அரிசி வாங்க "கோவிந்தா! கோவிந்தா!" என்று வந்தார்கள். கூட வந்த பெரியவர் சங்கு ஊதினார். அதுவரை வாயே திறக்காத சாஷா எழுந்து, மூக்கை வானத்துக்குத் தூக்கி, ஊளையிட்டது. சங்கு நின்றபிறகும் அது நிற்கவில்லை. நீளமாக, ஏறி இறங்கி, தெருவே அடங்கிப்போகிற மாதிரி ஒரு குரல். பையன்கள் அரிசி வாங்காமலே ஓடினார்கள்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாத்தியா, அதுக்கே பக்தி வந்துருச்சு!" என்றாள். பக்கத்து வீட்டு அத்தை மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "பக்தியா? வூட்டுக்குள்ள ஊள வுட்டா ஒரு உசுரு போவும்னு சொல்லுவாங்க. புள்ளைங்கள பத்திரமா பாத்துக்க" என்றாள். அம்மா அவளைத் திட்டி அனுப்பினாள். எனக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. ஒரு உயிர் என்றால் யார்? அப்பாவும் மாமாவும் பெரியவர்கள், அம்மாவை எதுவும் அண்டாது. நானா தம்பியா என்று கணக்குப் போட்டு, தம்பிதான் என்று முடிவுக்கு வந்தேன். அவன் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன்.

சாஷா எழுந்து நிற்கத் தள்ளாடியதும் மாமா மனசு கேட்காமல் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். டாக்டர் எட்ட நின்றே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பல்லைப் பார்க்க வேண்டும் என்று கிட்டப் போனவர், என்ன நினைத்தாரோ, பின்வாங்கினார்.

"யோவ், இது பாதி ஓநாய்யா. எங்க புடிச்சீங்க இத? காவலுக்கு ஆவாது, புது ஆளக் கண்டா ஒளியும். ஒருத்தர்கிட்டதான் ஒட்டும். குட்டியா இருக்கறவரைக்கும் கொஞ்சலாம். வயசுக்கு வந்துச்சுன்னா வூட்ல யாரு பெரியவன்னு பாக்க ஆரம்பிக்கும். அது திங்கறப்ப யாரும் கிட்ட போவாதீங்க. மொதல்ல கறி போடுங்க, எலும்புந் தோலுமா நிக்குது."

"பெருமாள் மாசம் சார்" என்றாள் அம்மா. "இன்னும் பாஞ்சு நாளுதான். தாங்காதா?"

டாக்டர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "ஓநாய்க்கு ஏதும்மா புரட்டாசி?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

அம்மா அதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை. தயிர் சாதத்தில் நெய் கூடுதலாக விழுந்தது, அவ்வளவுதான். எனக்கோ புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பாதி ஓநாய் என்றால் எந்தப் பாதி? வால் பக்கம் ஓநாயாக இருந்தால் பரவாயில்லை. யோசித்து யோசித்து, வாய் இருக்கிற பாதிதான் என்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் சனிக்கிழமை எங்கள் வீட்டில் தளிகை. பெருமாளுக்கு ஐந்து வகைச் சாதம், வடை, சுண்டல், மாவிளக்கு எல்லாம் வைத்துப் படைக்கிற நாள். விடிந்ததிலிருந்து யாருக்கும் என்னைக் கக்கூஸுக்குக் கூட்டிப்போக நேரமில்லை. அம்மாவிடம் மூன்று தடவை கேட்டேன். "இருடி, கையில மாவு" என்றாள். அப்பா பூ வாங்கப் போயிருந்தார். மாமா வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். இனிமேல் முடியாது என்கிற கட்டம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். சுவரை ஒட்டி ஓடி, உள்ளே புகுந்து, தகரக் கதவைத் தாழ் போட்டேன். சாஷா அதன் சட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. விரத நாளில் நாம் சாப்பிடும் முன் வாயில்லா ஜீவனுக்கு வைக்க வேண்டும் என்று, எல்லோருக்கும் முன்னால் அதற்குத்தான் அம்மா அன்று சோறு வைத்திருந்தாள்.

உள்ளே இருக்கும்போதே கொலுசுச் சத்தம் கேட்டது. தம்பியின் கால் கொலுசு. என் பின்னாலேயே வந்திருக்கிறான். கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். நெற்றியில் நாமம், கையில் ஒரு வடை, இடுப்பில் ஒன்றும் இல்லை. சுவரை ஒட்டி நடக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நேராகப் போனான். சட்டியின் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். வடையைச் சட்டிக்குள் போட்டான். அப்புறம், கொடுத்தது பிடிக்கவில்லையோ என்னவோ, திருப்பி எடுக்கக் கையை உள்ளே விட்டான்.

சாஷா உறுமவில்லை. உதடு மட்டும் மேலே போனது. அத்தனை பல்லை அதுவரை நான் ஒரு வாயில் பார்த்ததில்லை. கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தாழ்ப்பாளைத் தேடினால் கை வழுக்குகிறது. எப்படியோ திறந்து வெளியே விழுந்தபோதுதான் குரல் வந்தது. "மாமா!" என்று கத்தினேன். தெருமுனை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

மாமா எப்படி வந்தார் என்று நான் பார்க்கவில்லை. ஒரு கையால் தம்பியைப் பின்னால் தள்ளினார், இன்னொரு கை தம்பியின் முகம் இருந்த இடத்தில் இருந்தது. சாஷா அந்தக் கையைப் பிடித்தது. ஒரே பிடி. அடுத்த நொடி விட்டுவிட்டு, தான் கடித்தது யாரை என்று தெரிந்த மாதிரி, சங்கிலியின் கடைசி வரை பின்னால் போய், வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு படுத்தது. அதன் அடியில் மண் ஈரமானது. எனக்கு வருவதுபோல அதற்கும் பயத்தில் மூத்திரம் வந்திருந்தது.

மாமாவின் கையிலிருந்து ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது. அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து, தம்பியைத் தூக்கி, உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. அவன் வடை போச்சு என்று அழுதுகொண்டிருந்தான்.

"அது கடிக்கலக்கா" என்றார் மாமா. "நாந்தான் கையக் குடுத்தேன்."

அன்றைக்குத் தளிகை பாதியில் நின்றது. மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் தையல் போட்டு ஊசி போட்டார்கள். சாயங்காலம் அப்பா, சத்தம் போடாமல், வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மச்சான், திங்கக்கெழம அது இங்க இருக்கக்கூடாது." அப்பா கத்தினால் பேசிச் சமாளிக்கலாம். கத்தாமல் சொன்னால் அவ்வளவுதான்.

மாமா டெலிபோன் பூத்துக்குப் போய் மிசியேவிடம் பேசிவிட்டு வந்தார். யாரிடமாவது கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டாராம். தெரிந்தவர்களையெல்லாம் மாமா ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்க் கேட்டார். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு கடைசியாக டாக்டர் வீட்டுக்குப் போனார். வந்ததும் அம்மாவும் அவரும் சமையலறையில் ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேசினார்கள். அம்மா வெளியே வந்து என்னிடம், "சேதராப்பட்டுல ஒரு கம்பெனியாம், பெரிய எடமாம். நாளைக்கி மாமா அங்க கொண்டுபோயி வுட்டுட்டு வரும்" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. பயமில்லாமல் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. புரட்டாசி முடிய இன்னும் நாள் இருந்தது. அம்மா பரணிலிருந்து கறிச்சட்டியை இறக்கினாள். தோட்டத்தில் மூன்று செங்கல் வைத்து, மாமா வாங்கிவந்த ஆட்டுக்கறியை உப்பு மட்டும் போட்டு வேகவைத்தாள். வெளியூர் போகிறதே, அதனால் விருந்து வைக்கிறார்கள் என்று நினைத்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை மாமா கறிக்குள் வைத்தார். ஆட்டோவில் பயப்படாமல் தூங்கட்டும் என்று சொன்னார். சாஷா அவர் மடியில் தலை வைத்துக்கொண்டு அவர் கையிலிருந்தே எல்லாவற்றையும் தின்றது. கட்டுப்போட்ட கையை நக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் செருகியது.

தூங்கியபிறகு நான் முதன்முதலாகக் கிட்டே போனேன். ஒரு விரலால் அதன் காதைத் தொட்டேன். கோழிக்குஞ்சுபோல மெத்தென்று இருந்தது, சூடாகவும் இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. மாமா அதை இரண்டு கையிலும் ஏந்தி, தூங்குகிற தம்பியைத் தூக்குவதுபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

பள்ளிக்கூடத்துக்கு அன்று என்னை அனுப்பவில்லை. மத்தியானம் மாமா தனியாகச் சந்து வழியாகப் பின்பக்கம் வந்தார். கையில் சங்கிலி மட்டும் இருந்தது. அம்மா அடிபம்புக்குப் பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அங்கியே நில்லு" என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கட்டுப்போட்ட கையை ஓரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா அவர் தலையில், போட்டிருந்த சட்டையோடு, தண்ணீரை ஊற்றினாள். ஒரு குடம் முடிந்து இன்னொன்று. "எடம் பெருசா மாமா?" என்று கேட்டேன். முகத்தில் வழிகிற தண்ணீரை அவர் துடைக்கவில்லை. "பெரிய எடம் கண்ணு. வேலியே கெடயாது" என்றார்.

அப்புறம் அம்மா தானும் அந்தக் கல்லில் உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சாவுக்குப் போய்வந்தவரை வீட்டுக்குள் விடாமல் வெளியே நிறுத்தி இப்படித்தான் தண்ணீர் ஊற்றுவார்கள், உறவு என்றால் வீட்டில் இருக்கிறவர்களும் தலை முழுகுவார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நாய் வாடை போகக் குளிக்கிறார்கள் என்று நினைத்தேன். வெயிலும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நானும் ஓடிப்போய் மாமாவுக்குப் பக்கத்தில் நின்று, "எனக்கும்மா! எனக்கும் ஊத்து!" என்றேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். மிச்சமிருந்த தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து நனைந்தேன்.